வலது ஓரத்துத் தட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ‘அயர்லாந்து’ என்றும் வலப்பக்கம் ‘இங்கே’ என்றும் எழுதியிருந்தேன். மூட நம்பிக்கைகளின் கணக்கு அது. எண்பதுகளின் நடுவில், பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கமாக ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பள்ளியை ஒட்டிக் கன்னியர் மடம். மடத்தை ஒட்டி ஒரு சின்ன மருந்தகம். அதைப் பார்த்துக்கொண்டவர் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான சிஸ்டர். வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களைப் போலவே ‘வூடு’ என்பார், களியை எங்களைவிடப் பெரிய உருண்டையாக விழுங்குவார்.

எனக்கு மருந்தகத்தில் எப்போதும் வேலை இருக்கும். ஒன்று நெஞ்சுச் சளி, இல்லாவிட்டால் நெஞ்சுச் சளி வரப்போகிறது என்ற பயம். மத்தியான இடைவேளையில் போய் உட்காருவேன். மடத்துச் சமையல்கார அம்மா அந்த நேரத்தில் சிஸ்டருக்கு டீ கொண்டுவருவார். போட்டி அங்கேதான் தொடங்கும்.

“எங்கூர்ல முயல் ஒண்ணு விடியக்காலம் வந்து மாட்டு மடியில பால் குடிச்சிட்டுப் போயிருமுங்க” என்பார் சிஸ்டர். “பாத்தா முயலு. ஆனா அது பக்கத்து வூட்டுக் கெழவி.”

“இங்க சாரப்பாம்பு வந்து குடிக்குது” என்பார் சமையல்கார அம்மா. “எங்கூர்க் கெழவிங்களுக்கு வேற வேல இருக்குது.”

சிஸ்டர் பின்கதவைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியே கொட்டும்போதெல்லாம், கொட்டுவதற்கு முன் “தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க” என்று இரண்டு தடவை சொல்வார். வெளியே பப்பாளி மரத்தைத் தவிர எதுவும் இருக்காது. யாரைச் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“சின்ன ஜனங்க. நெலத்துக்கு அடியில இருக்கறவங்க. பேரச் சொல்லக் கூடாது, நல்லவங்கன்னுதான் சொல்லணும். மேல தண்ணி பட்டா கோவம் வந்துரும்.”

“அயர்லாந்தில் இருக்கிறவர்கள் பென்னாகரத்துக்கு எப்படி வருவார்கள் சிஸ்டர்?”

“நான் வரலீங்களா?” என்றார்.

சிவப்புத் தலைமுடிக்காரி எதிரே வந்தால் அவருடைய ஊர் மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்களாம். இங்கே விறகுக்கட்டு எதிரே வந்தால் திரும்பிவிடுகிறார்களே, அது போல. “சின்ன வயசுல எனக்குச் செம்பட்டத் தல. ஊர்ல மீனே இல்லாமப் போச்சு. அதான் கடலே இல்லாத ஜில்லாவாப் பாத்து அனுப்பி வெச்சுட்டாங்க” என்பார். இதையெல்லாம் எழுதிக்கொள்வேன். அக்டோபர் கடைசியில் அயர்லாந்து முப்பத்தேழு, இங்கே நாற்பத்தொன்று. சமையல்கார அம்மா வாரத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்பார். “நாலு கூடவே இருக்குதுங்களா? அப்பச் செரி” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள். எண்ணக் கூடாது. கோழிக்குஞ்சு, கன்றுக்குட்டி, மரத்துக் காய் எதையும் எண்ணக் கூடாது. எண்ணினால் குறையும். இதை நான் இரண்டு பக்கமும் எழுதி, மறக்காமல் இரண்டு பக்கமும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு டீச்சர். தாய் இல்லை; எங்கள் மிஷன் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். தகப்பனார் கடத்தூர்ப் பக்கத்து விவசாயி, எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். டீச்சர் அங்கே சேர்ந்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நான் அவரிடம் அறுபத்தொரு தடவை பேசியிருந்தேன். அவற்றில் நாற்பத்துநான்கு, “டீச்சர், சாக்பீஸ் இருக்குதுங்களா?” என்பது. எனக்குச் சாக்பீஸ் தட்டுப்பாடு இருந்ததே இல்லை. என் மேஜை டிராயரில் இரண்டு பெட்டி இருந்தது.

அந்த வருஷம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் டீச்சர் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தகப்பனார் தன் தங்கை மகனுக்குக் கொடுக்க நினைத்தார். பையனுக்கு நாலு ஏக்கர் விளைகிற காடு, வற்றாத கிணறு. தங்கை குடும்பம் கல்லறைக்குப் பூப்போட வரும்போது பதில் கேட்கும். மடத்தின் தலைவியான மதருக்கு டீச்சர் கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்று ஆசை. அவரும் அதே நாளைத்தான் கெடுவாக வைத்திருந்தார். டீச்சர் இரண்டு பேருக்கும் ‘பாக்கலாங்க’ என்ற ஒரே பதிலைச் சொல்லிவந்தார். மூன்றாவதாக ஒருவன் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் மூன்றரை மணிக்கு நல்ல மழை. பள்ளி விட்டும் யாரும் கிளம்ப முடியவில்லை. மருந்துக்கு வந்தவர்கள், டீச்சர்கள் எல்லோரும் மடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒதுங்கினோம். கல்லறையில் வைக்கக் கோழிக்கொண்டைப் பூ ஒரு கூடை கொண்டுவந்த டீச்சரின் தகப்பனாரும் நனைந்து உள்ளே வந்தார். கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. எனக்கு அப்போதே தொண்டை கரகரத்தது.

“எங்கூர்ல இன்னிக்குத் தட்டு வெச்சுப் பாப்போமுங்க” என்றார் சிஸ்டர். “கண்ணக் கட்டிட்டு, எந்தத் தட்டத் தொடறாங்களோ அதான் அவங்க காலம்.”

நான்கு பீங்கான் தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒன்றில் ஜன்னல் திரையின் பித்தளை வளையம்; மோதிரத்துக்குப் பதில் அது. தொட்டால் கல்யாணம். ஒன்றில் ஜெபமாலை. தொட்டால் மடம். ஒன்றில் தண்ணீர். தொட்டால் கடல் தாண்டிப் போவார்கள். நான்காவதில் வாசலிலிருந்து ஒரு பிடி மண்.

“மண்ணு எதுக்குங்க?” என்றார் சமையல்கார அம்மா.

“அதத் தொட்டா வருசத்துக்குள்ள சாவு.”

சமையல்கார அம்மா முன்னால் வந்தார். அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டி, கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். “சாவ ஆராச்சும் தட்டுல வெச்சுப் பரிமாறுவாங்களா? உங்கூர்ல விருந்தாளி எப்பிடித்தான் தங்கறாங்களோ.”

தண்ணீர்த் தட்டைப் பார்த்து டீச்சரின் தகப்பனார் சிரித்தார். “கடலுங்களா? நம்ம பக்கம் ஆருங்க கடலுக்குப் போறா? தண்ணின்னா கெணறுங்க. கெணத்துக்கார வூட்டுக்கு வாக்கப்படறதுங்க. எந் தங்கச்சி மவன் வூடு மாதிரி.” இதைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். ஐந்து தடவை.

முதலில் மற்றவர்கள் விளையாடினார்கள். நான்கு டீச்சர்கள், மருந்தகத்தில் வேலை செய்த இரண்டு பெண்கள், மாத்திரைக்குக் காத்திருந்த மூன்று பேர், மொத்தம் ஒன்பது. ஒவ்வொரு முறையும் சிஸ்டர் தட்டுகளை இடம் மாற்றி வைத்தார். பல்லே இல்லாத ஒரு அம்மாள் மோதிரத்தைத் தொட்டுவிட, “எங்கூட்டுக்காரரு ஒத்துக்கணுமே” என்றார். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“ஒன்பது பேரில் ஏழு பேர் வலது ஓரத்துத் தட்டைத்தான் தொட்டிருக்கிறார்கள்” என்றேன் சத்தமாக. “தட்டில் என்ன இருந்தாலும் சரி. வலது கை நீண்டால் நேரே அங்கேதான் போகிறது.”

மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீச்சரின் தகப்பனாரும் பார்த்தார். பிறகு இருவரும் தட்டுகளைப் பார்த்தார்கள்.

“எண்ணாதீங்கன்னு எத்தன தடவ சொல்லறது இந்த வாத்தியாருக்கு” என்றார் சமையல்கார அம்மா.

நாலரை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒன்பது பேரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மிஞ்சியவர்கள் ஆறு பேர்: சிஸ்டர், மதர், சமையல்கார அம்மா, டீச்சர், அவருடைய தகப்பனார், நான். “டீச்சர் இன்னும் பாக்கலியே” என்றார் சிஸ்டர். அதுவரை கண்ணைக் கட்டிய துண்டு கடைசியாக விளையாடிய அம்மாளின் தலையோடு பஸ் ஏறியிருந்தது. சிஸ்டர் மருந்தகத்துக்குப் போய்க் கட்டுப் போடும் காஸ் துணியைக் கொண்டுவந்து டீச்சரின் கண்ணைக் கட்டினார். தட்டுகளை வைத்தார். டீச்சர் உட்காரப்போகும் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது ஓரம் மோதிரம், நடுவில் ஜெபமாலை, வலது ஓரம் தண்ணீர்.

“மூணு சுத்து சுத்தணும்” என்று டீச்சரின் தோளைப் பிடித்துச் சிஸ்டர் மெதுவாகச் சுற்றத் தொடங்கினார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் செய்யாத ஒன்றை அப்போது செய்தேன். தட்டுச் சத்தம் கேட்காமல் இருக்க இருமிக்கொண்டே, மோதிரத் தட்டை வலது ஓரத்துக்கும் தண்ணீரை இடது ஓரத்துக்கும் மாற்றினேன்.

நிமிர்ந்து பார்த்தால் மதர் கையில் ஜெபமாலைத் தட்டு. அவர் அதை வலது ஓரத்தில் வைத்து, மோதிரத்தை நடுவுக்குத் தள்ளினார். முகம் பூசை நேரத்தில் இருப்பது போல அமைதியாக இருந்தது. அவர் கையை எடுப்பதற்குள் டீச்சரின் தகப்பனார் தண்ணீர்த் தட்டைத் தூக்கி வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஜெபமாலையை இடது ஓரத்தில் விட்டார். அவர் விவசாயி. ஒளித்துச் செய்யத் தெரியாது. பாதித் தண்ணீர் மேஜையில் சிந்தியது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மூன்று பேருடைய கதையும் வெளியே வரும். மூன்று திருட்டுக்குப் பிறகும் வலது ஓரத்தில் ஆரம்பத்தில் இருந்த அதே தண்ணீர்தான் இருந்தது என்பது எனக்கு மட்டும் உறைத்தது.  ஒன்பதில் ஏழு.

சிஸ்டர் டீச்சரை மேஜைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார். டீச்சரின் கை வலது ஓரத்துக்கு நீண்டது. தண்ணீருக்கு மேல் நின்றது. தகப்பனார் மூச்சை இழுத்துப் பிடித்தார். கை அங்கிருந்து கிளம்பி ஜெபமாலைக்கு மேலே போய் நின்றது. மதர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கை நடுவுக்கு வந்து, நேராக மோதிரத்தின் மேல் இறங்கியது.

“எதக் கேட்டாலும் மூணு தடவ கேக்கணுமுங்க” என்றார் தகப்பனார் உடனே. “ஒரு தடவ கேட்டாச் செல்லாது.”

“எங்கூர்லயும் மூணு தடவதான்” என்றார் சிஸ்டர். மறுபடி தட்டுகளை மாற்றினார். இந்த முறை சமையல்கார அம்மா கரண்டியோடு மேஜை அருகில் வந்து நின்றுகொண்டதால் எங்கள் மூன்று பேர் கையும் பின்னால் இருந்தது. மோதிரம் இடது ஓரம். டீச்சர் தொட்டது இடது ஓரம். மூன்றாவது முறை மோதிரம் வலது ஓரம். டீச்சர் தொட்டது வலது ஓரம்.

மூன்று தட்டு, மூன்று தடவை. மூன்று மூன்று ஒன்பது, ஒன்பது மூன்று இருபத்தேழு. இருபத்தேழில் ஒரே ஒரு வழி. 

“மோதிரம்னா கண்ணாலம். செரி. ஆரோட?” என்றார் தகப்பனார்.

“அதத் தட்டு சொல்லாதுங்க” என்றார் சிஸ்டர்.

“கெணறு இல்லேன்னு மட்டும் மூணு தடவ சொல்லிருச்சுங்கப்பா” என்றார் டீச்சர், கட்டை அவிழ்க்காமலே.

தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்தார். “தண்ணின்னா கெணறுன்னு சொன்னது நாந்தானே” என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். மதர் ஜெபமாலையை எடுத்துத் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த ஒன்றரை நாள் நான் சின்ன ஜனங்களை நம்பினேன். வேறு வழியில்லை, இருபத்தேழில் ஒன்று. காலையில் வாய் கொப்பளித்துத் துப்புவதற்கு முன் வாசலைப் பார்த்து “தள்ளிக்குங்க” என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தவர், தள்ளிக்கொண்டார். விறகுக்கட்டு ஒன்று எதிரே வந்ததும் திரும்பிப் போய் வேறு பாதையில் சுற்றி வந்தேன். பள்ளிக்கு நான்கு நிமிடம் தாமதம்.

கல்லறைத் திருநாள் காலையில் தொண்டை சுத்தமாக அடைத்துக்கொண்டது. மருந்தகத்துக்குப் போனேன். சிஸ்டர் ஒருவருடைய கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். காஸ் துணியை மடித்தார். பழக்கத்தில் நான் எண்ணினேன். எட்டு மடிப்பு. அடுத்தவருக்கு மடித்தார். எட்டு.

“சிஸ்டர், அன்றைக்கு டீச்சர் கண்ணுக்கு எத்தனை மடிப்பு?”

“ரெண்டுங்க.”

“இரண்டு மடிப்பில் கண் தெரியுமே.”

“தெரியுங்களா?” என்றார் சிஸ்டர். மடித்துக்கொண்டே இருந்தார்.

காஸில் ஒரு துண்டை வாங்கி இரண்டாக மடித்து என் கண்ணில் கட்டிப் பார்த்தேன். சுவரில் இருந்த காலண்டரின் தேதி தெரிந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அன்றைய திருநாளின் பெயரும் தெரிந்தது.

சாயங்காலம்வரை எனக்கு நிம்மதி இல்லை. சோதனை செல்லாது. மூன்று தடவையும் செல்லாது. கணக்கு வாத்தியார் என்றால் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் தகப்பனார் அன்றைக்கே தன் தங்கை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். சொல்லாவிட்டால், டீச்சர் தேர்ந்தெடுத்த மோதிரம் யாருடையது என்று தெரியாமல் நான் வீணாகப்போவேன். நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

டீச்சர் தன் தாயின் கல்லறையில் கோழிக்கொண்டைப் பூவைச் சிலுவை வடிவில் அடுக்கிக்கொண்டிருந்தார். பதினான்கு மெழுகுவர்த்தி. காற்றில் மூன்று அணைந்திருந்தன. ஊர்வலம் வர இன்னும் நேரம் இருந்தது.

“காஸ் துணி ரெண்டு மடிப்புதாங்க டீச்சர்” என்றேன். குரல் பாதிதான் வந்தது.

“ஆமாங்க.”

“எல்லாம் தெரிஞ்சுதுங்களா?”

“மதர் ஜெபமாலத் தட்ட நகத்தினது தெரிஞ்சுது. எங்கப்பா தண்ணியச் சிந்தினது தெரிஞ்சுது.” அணைந்த ஒன்றை எடுத்துப் பக்கத்துச் சுடரில் பற்றவைத்தார். “மொதல்ல ஒருத்தரு இருமிக்கிட்டே மோதிரத்தக் கொண்டாந்து என் கைப்பக்கம் வெச்சதும் தெரிஞ்சுது.”

நான் மறுபடி இருமினேன். தொண்டையைக் காரணம் சொல்லலாம்.

“ரெண்டு வருசமா சாக்பீஸ்தான் கேட்டீங்க” என்றார். “இதயாச்சும் அன்னிக்குச் செஞ்சீங்களே.”

அதற்குள் அவருடைய அத்தை குடும்பம் வந்துவிட்டது. கல்லறை வாசலிலேயே தகப்பனார் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அத்தையின் குரல் முன்னால் வந்தது. “தட்டுச் சொல்லுதாம் தட்டு. எங்கூட்லயும் தட்டு இருக்குது. சோத்தப் போட்டாத் திங்குது, ஒரு வார்த்த பேசறதில்ல.”

“மூணு தடவ கேட்டாச்சு ஆத்தா. தண்ணி வேண்டாங்குது. தண்ணின்னா கெணறுன்னு அத்தன பேர் முன்னால நாந்தான் சொல்லிப்புட்டேன்” என்றார் தகப்பனார். பிறகு, மகள் பக்கத்தில் நான் நிற்பதைக் கவனித்தார். என் கையில் அணைந்த மெழுகுவர்த்தி இரண்டு இருந்தன. அவை எப்போது என் கைக்கு வந்தன என்று எனக்குத் தெரியாது. மேஜைக்கு மேல் நாங்கள் பார்த்துக்கொண்ட அதே பார்வையை மறுபடி பார்த்தார்.

“வாத்தியாரே, அன்னிக்கு மோதிரத்த மொதல்ல நகத்தினது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“கெணறு இருக்குதுங்களா?”

“இல்லீங்க. குழாய் இருக்குது. ஒரு நாளைக்கு எட்டுக் குடம் வரும்.”

“எட்டா?”

“வெயில் காலத்துல ஆறு.”

“ஆறு” என்றார் அவர். மகளைப் பார்த்தார். டீச்சர் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “ரெண்டு பேருக்கு ஆறு போதுமுங்க அப்பா” என்றார்.

பொங்கல் கழிந்து கல்யாணம். பந்தியில் சிஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எட்டு மடிப்பு மடிக்கிற கை அன்றைக்கு ஏன் இரண்டோடு நின்றது? அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

“எங்கம்மாவுக்கு எங்க பாட்டி கட்டினதும் ரெண்டு மடிப்புதானுங்க” என்றார் சிஸ்டர். “எனக்குக் கட்டினதும் ரெண்டுதான். நான் ஜெபமாலத் தட்டத் தொட்டேன். மோதிரத் தட்டுப் பக்கத்துல நின்னவன் சரியில்ல.”

அன்றைக்குக் கூடத்தில் இருந்த ஆறு பேரில் ஏமாற்றாதவர் ஒருவரும் இல்லை என்று கணக்கு முடிந்தது. சமையல்கார அம்மா ஒரு தட்டையே தூக்கியிருந்தார். நோட்டை எடுத்து இடப்பக்கம் ‘இரண்டு மடிப்பு’ என்று எழுதினேன். அயர்லாந்து முப்பத்தெட்டு.

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த சமையல்கார அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் எழுதினேன் என்பது மட்டும் தெரியும்.

“அவங்களுக்கு ஒண்ணு கூடிருச்சுங்களா? அப்ப இங்கயும் ஒண்ணு சேத்துக்குங்க வாத்தியாரே. மண்ணுத் தட்ட எடுத்துப்புடறது.”

மறுபக்கம் கல்யாணப் புடவையில் உட்கார்ந்திருந்த அவள், என் கையிலிருந்து பேனாவை வாங்கி வலப்பக்கம் அதை எழுதினாள். இங்கே நாற்பத்திரண்டு. வித்தியாசம் அப்படியே நான்குதான்.